முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்த படம்!



ஒரு சின்னக் கணக்கு போடலாமா? பயப்படாதீர்கள், மதிப்பெண் கிடையாது. ஒருவர் தினமும் பத்துப் படம் வரைகிறார். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதற்கும் லீவு இல்லை. இப்படியே ஒரு லட்சம் படம் வரைந்து முடிக்க அவருக்கு எவ்வளவு காலம் ஆகும்?

பத்தாயிரம் நாள். அதாவது, 27 வருடத்துக்கும் மேலே! இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் பாப்பா இப்போது பென்சிலைக் கையில் எடுத்தால், தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில்தான் கீழே வைக்க முடியும்.

இந்த ஒரு லட்சம் என்பது கணக்குக்காகச் சும்மா எடுத்துக்கொண்ட எண் இல்லை. ஒரே ஒரு சினிமாவுக்காக ஏறக்குறைய அத்தனை படங்களைக் கையாலேயே வரைந்து, வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். வேலை செய்த ஓவியர்கள் சுமார் 450 பேர். 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்பது படத்தின் பெயர். இந்தியர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து உருவாக்கி, 1992-ல் முடித்த படம். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை அப்போது நம் நாட்டில் பார்த்தவர்கள் வெகு சிலரே. உங்கள் அப்பா, அம்மாவில் பலர் அன்று உங்கள் வயதுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அப்படி ஒரு படமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அந்தப் படம்தான் 2025 ஜனவரி 24-ஆம் தேதி, பழைய பிரதியைத் தூசு தட்டிப் பளிச்சென்று ஆக்கி, தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. இத்தனை வருடம் அது ஏன் மூலையில் கிடந்தது? அந்தக் கதை, படத்தின் கதையைப் போலவே சுவாரசியமானது.

ஜப்பானில் யூகோ சாகோ என்று ஒருவர் இருந்தார். 1928-ல் பிறந்தவர். ஆவணப் படங்கள் எடுப்பவர். 1983-ல் அவர் நம் நாட்டுக்கு வந்திருந்தார். இன்று பிரயாக்ராஜ் என்று பெயர் மாறியிருக்கும் அலகாபாத் நகருக்கு அருகே, பி.பி.லால் என்ற தொல்லியல் அறிஞர் மண்ணைத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதைப் படம் பிடிப்பதுதான் சாகோவின் வேலை. மண்ணைத் தோண்டினால் பானை ஓடு கிடைக்கும், பழைய காசு கிடைக்கும். சாகோவுக்கோ ஒரு கதை கிடைத்தது! ராமாயணத்தை அங்கேதான் அறிந்துகொண்டார். மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஜப்பானிய மொழியில் இருந்த பத்து விதமான ராமாயணங்களைத் தேடிப் படித்தார். நம்மில் எத்தனை பேர் ஒன்றையாவது முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறோம்? கை தூக்கச் சொல்லவில்லை, சும்மா கேட்டேன்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. சாகோ எடுத்துக்கொண்டிருந்தது அகழாய்வைப் பற்றிய ஆவணப்படம். அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்த ஓர் அமைப்பினர், யாரோ வெளிநாட்டுக்காரர் ராமாயணத்தையே சினிமா எடுக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். டெல்லியில் இருக்கும் ஜப்பான் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் பறந்தது. வெளிநாட்டார் தம் இஷ்டத்துக்கு ராமாயணத்தைப் படமாக்கக் கூடாது என்பது கடிதத்தின் சாரம். கவனித்தீர்களா? அப்போது படமே கிடையாது! பிறக்காத பிள்ளைக்கு முதல் நாளே திட்டு விழுந்துவிட்டது.

விளக்கம் சொன்ன பிறகு அந்தச் சண்டை அடங்கியது. நாம் என்றால், "ஆளை விடுங்கள் சாமி" என்று ஊர் போய்ச் சேர்ந்திருப்போம். சாகோ அதற்குப் பிறகுதான், உண்மையிலேயே ராமாயணத்தைப் படமாக எடுக்கலாமே என்று பேச்சைத் தொடங்கினார். அதுவும் நடிகர்களை வைத்து இல்லை. ராமரைத் தெய்வமாக வணங்கும் நாடு இது. அவரை ஒரு நடிகரைக் கொண்டு காட்டுவதைவிட ஓவியமாகக் காட்டுவதே பொருத்தம் என்பது அவர் எண்ணம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. நடிகரைப் பார்த்தால் நமக்கு அவர் நடித்த மற்றப் படங்களும் ஞாபகத்துக்கு வந்துவிடும் அல்லவா?

அயோத்தி பற்றிய சச்சரவு நாட்டில் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. கூட்டாகப் படம் தயாரிக்க நம் அரசாங்கம் தயங்கியது. எனவே ஜப்பானியப் பணத்தில், ஜப்பானில் வேலை நடந்தது. 1990-ல் வரையத் தொடங்கினார்கள்.

படத்தை இயக்கியவர்கள் மூன்று பேர். சாகோ, கொயிச்சி சசாகி என்ற ஜப்பானியர், நம் நாட்டு ராம் மோகன். ராம் மோகனைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். 1931-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். என்ன பாடம் தெரியுமா? வேதியியல்! மேற்படிப்புக்காக மும்பை போன இடத்தில் கார்ட்டூன் ஆசை பிடித்துக்கொண்டது. 1956-ல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி தர அமெரிக்காவிலிருந்து வந்திருந்தவர் க்ளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னியிடம் வேலை பார்த்தவர். அவரிடம் ராம் மோகன் பாடம் கற்றார். பிறகு அவரே பலருக்கு ஆசிரியர் ஆனார். 2014-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-ல் காலமானார்.

ஜப்பானியர்களுக்குக் கை ஓடும் வேகம் அபாரம். ஆனால் வேட்டி தெரியாதே! வேட்டியை எப்படிக் கட்டுவார்கள், பெரியவர்களிடம் சிறுவர்கள் எப்படி ஆசி வாங்குவார்கள் என்பதையெல்லாம் நம்மவர்கள்தான் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தார்கள். இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். நாளைக்கே உங்கள் தாத்தாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவர் நடக்கும்போது வேட்டியின் மடிப்பு எந்தக் கால் பக்கம் விரிகிறது? உட்காரும்போது துணியை எங்கே பிடித்துக்கொள்கிறார்? நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் படியில் ஏறும்போது காற்று அடித்தால் அந்த வேட்டி என்ன பாடுபடுகிறது? தினமும் பார்க்கிறோம், ஆனால் சட்டென்று வரையச் சொன்னால் வராது. தினமும் பார்க்கிற நமக்கே அப்படி. வேட்டியையே பார்க்காத ஓவியருக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, படம் எப்படி அசைகிறது? சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கார்ட்டூனில் பல நேரம் ஒரே ஓவியத்தை அடுத்தடுத்து இரண்டு முறை படம் பிடிப்பார்கள். ஆக, ஒரு விநாடிக்கு 12 ஓவியம். அனுமன் இடுப்பிலிருந்து கையைத் தலைக்கு மேலே தூக்க ஒரு விநாடி என்றால், கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும் 12 கைகள் வரைய வேண்டும். மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை வரைவார். இடையில் வருபவற்றை இளையவர்கள் நிரப்புவார்கள். பென்சில் கோடுகளைக் கண்ணாடி போன்ற ஒரு தாளுக்கு மாற்றுவார்கள். அதற்கு 'செல்' என்று பெயர். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். அப்போதுதான் கோடு அழியாமல் தெளிவாகத் தெரியும். வண்ணம் காய்ந்ததும், காடு அல்லது அரண்மனை வரைந்த பின்னணி ஓவியத்தின் மேல் அந்தத் தாளை வைத்து, மேலே மாட்டிய கேமராவால் ஒரு 'க்ளிக்'. தாளை எடு, அடுத்ததை வை, மறுபடி 'க்ளிக்'.

படம் ஓடும் நேரம் 135 நிமிடம். அதை 60-ஆல் பெருக்கி, மறுபடி 24-ஆல் பெருக்கினால் 1,94,400. அதில் பாதி 97,200. ஒரு லட்சம் என்று சொன்னது நம்பும்படி இருக்கிறதா? அசையாமல் நிற்கும் காட்சிக்கு ஓவியம் குறையும். நாலு பேர் ஒரே நேரத்தில் அசைந்தால், ஒன்றின் மேல் ஒன்றாகத் தாள் கூடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்த எண்தான்.

ஆனால் வரைந்த உருவத்தை அசைத்து ராமாயணம் சொல்வது நமக்குப் புதிதே அல்ல. தோல்பாவைக் கூத்து கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவமாக வெட்டி, சாயம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கை வைத்து ஆட்டுவார்கள். ராமர், அனுமன், ராவணன் எல்லோருக்கும் ஒருவரே குரல் மாற்றிப் பேசுவார். நம் மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் ராத்திரி முழுக்க அதைப் பார்த்த தாத்தா, பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிப் போனபோது அதிலிருந்து விழுந்த ஒரு துண்டுதான் நம் சிறுமலை என்று அவர்கள் ஒரு கதையும் சொல்வார்கள். சாகோவுக்கு அது தெரிந்திருந்தால் நிச்சயம் ரசித்திருப்பார்!

படம் முடிந்தது. ஆனால் காலம் சரியில்லை. 1992 டிசம்பர் 6-ஆம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் கலவரம் நடந்து, நிறையப் பேர் இறந்தார்கள். அடுத்த மாதம், 1993 ஜனவரியில்தான் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படம் திரையிடப்பட்டது. அந்த நேரத்தில் ராமர் பெயரில் உள்ள படத்தை வாங்கி ஊர் ஊராக ஓட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? போதாததற்கு, கார்ட்டூன் என்றாலே சின்னக் குழந்தைகள் விஷயம் என்று தள்ளிவிடுகிற பழக்கம் வேறு. கண்டனம் தெரிவித்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. ஒதுக்கியவர்களும் பார்க்கவில்லை. ஜப்பானுக்குப் படம் அந்நியம். இந்தியாவுக்குப் படம் எடுத்தவர் அந்நியர். நடுவில் மாட்டிக்கொண்டது அந்த ஒரு லட்சம் ஓவியம்.

2000-க்குப் பிறகு கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியில் இது காட்டப்பட்டது. அப்போது என் வகுப்பில் இருந்த இரண்டு வாண்டுகள், "டீச்சர், ராவணன் பறக்கிறான் டீச்சர்!" என்று மறுநாள் பெஞ்சு மேல் ஏறி நடித்துக் காட்டியது நினைவிருக்கிறது. விளம்பரம், கரண்ட் கட் எல்லாவற்றுக்கும் நடுவே நான் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். இப்போது தமிழில், முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தபோது அது வேறு படமாகவே இருந்தது.

குறையே இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய கதையை இரண்டேகால் மணி நேரத்தில் அடக்கப் பார்த்ததால், பல இடங்களில் கதை தாவித் தாவிப் போகிறது. கம்பராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, "இன்ன இடத்தை விட்டுவிட்டார்களே" என்று தோன்றும். முகத்தில் கண்கள் மட்டும் ஜப்பான் கார்ட்டூனில் வருவதுபோல் பெரிது பெரிதாக இருக்கின்றன. சில பாட்டுகள் வரும்போது நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் கும்பகர்ணன் எழுந்து வரும் இடத்தில் எழுந்து போய்விடாதீர்கள்! இன்றைய கார்ட்டூன்களில் ராட்சதன் என்றால் வேகமாக வந்து வேகமாக அடிப்பான். இவன் அப்படி இல்லை, மலை நகர்வதுபோல் மெதுவாக அசைகிறான். அந்த மெதுவில்தான் அவன் எடை நமக்குத் தெரிகிறது. காலடியில் வானரங்கள் சிதறி ஓடுவதை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக, யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இலங்கை எரியும் காட்சியும் அப்படியே. நெருப்பைப் பென்சிலால் வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. வீட்டில் வேறு சாமி கும்பிடுகிற பிள்ளைகளும் இதை ஒரு நல்ல சாகசக் கதையாக ரசித்துப் பார்க்கலாம். படத்தைக் கொண்டுவந்தவரே ஜப்பானியர்தானே!

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 'தி அயர்ன் ஜயண்ட்' என்று 1999-ல் ஒரு படம். வானத்திலிருந்து விழுந்த இரும்பு ராட்சதனுக்கும் ஒரு சிறுவனுக்கும் நட்பு. ராட்சதனை மட்டும் கம்ப்யூட்டரில் செய்து, மற்றதைக் கையால் வரைந்தார்கள். வந்தபோது கூட்டமே இல்லை, பெரிய நஷ்டம். பிறகு வீடுகளில் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளே அதைப் பெரிய படமாக்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் முழுநீள அனிமேஷன் படம் 'டாய் ஸ்டோரி', 1995-ல் வந்தது. நம் ராமாயணம் முடிந்து மூன்றே வருடம். அதற்குப் பிறகு பென்சிலுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. இப்போதோ இன்னொரு படி மேலே போய்விட்டார்கள். 2025 மார்ச்சில் எல்லோர் கைப்பேசியிலும் 'ஜிப்லி' பாணிப் படங்கள் வந்து குவிந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? போட்டோவைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு கொஞ்ச நேரத்தில் ஓவியம் போல மாற்றித் தந்தது. அப்போது ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு அழகாக மிஷினே போட்டுத் தருதே, நான் எதுக்கு டிராயிங் கிளாஸுக்குப் போகணும்?"

நல்ல கேள்வி. "அப்படிக் கேட்கக் கூடாது" என்று அவளை அடக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் நம் ஊருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூட்டையும் தகடு வெட்டி, அரத்தால் ராவி, உள்ளே இருக்கும் நெம்புகோலைக் கையாலேயே சரிபார்த்துச் செய்வார்கள். மாங்காய்ப் பூட்டு என்று மாங்காய் வடிவிலேயே ஒன்று உண்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெளியூரிலிருந்து மிஷின் பூட்டு மலிவாக வந்து குவிந்த பிறகு, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. "மலிவாகக் கிடைக்கிறதே, இதை எதற்கு வாங்க வேண்டும்?" என்று கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கையில் எடுத்து, திறந்து மூடிப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

அந்த மாணவியிடம் நான் சொன்னது இது. மிஷின் காட்டிய அந்த 'ஜிப்லி' பாணி எங்கிருந்து வந்தது? ஜப்பானில் ஹயாவோ மியசாகி என்ற பெரியவரும் அவர் கூட்டாளிகளும் 1985-ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. பல பத்து வருடம் பென்சில் பிடித்து உண்டாக்கிய பாணி. எண்பது வயதைத் தாண்டிய பிறகும் கையால் வரைந்த ஒரு படத்தை மியசாகி 2023-ல் வெளியிட்டார். 2024-ல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. மிஷின் அவரைப் பார்த்துப் போட்டது. அவரோ மேகத்தை, மழையை, ஓடுகிற பிள்ளையைப் பார்த்துப் போட்டார். தாத்தாவின் வேட்டி எந்தப் பக்கம் விரிகிறது என்பது, வரைய உட்கார்ந்த பிறகுதான் உன் கண்ணுக்குத் தெரியும். போன் அதை உனக்காகப் பார்த்துத் தராது.

அவள் பாதி ஒப்புக்கொண்டாள். மீதிப் பாதிக்கு, "யோசிக்கிறேன் டீச்சர்" என்றாள். யோசிக்கட்டும்.

சாகோ 2012-ல் இறந்துபோனார். ராம் மோகனும் போய்விட்டார். தங்கள் படம் இந்தியத் திரையரங்குகளில் தமிழ் பேசியதை இருவருமே பார்க்கவில்லை. ஆனால் 1990-ல் இளைஞர்களாகச் சேர்ந்து, இடைப்பட்ட ஓவியங்களை நிரப்பியவர்கள் இருப்பார்கள் அல்லவா? ஜப்பானில் எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு தாத்தா தன் பேத்தியிடம், "அந்தக் கும்பகர்ணனின் இடது கால் நான் வரைந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

விடுமுறையில் பெரியவர்களிடம் சொல்லி, முறையாகக் கிடைக்கும் இடத்தில் இந்தப் படத்தைப் பாருங்கள். முழுதாகப் பாருங்கள், ஓட்டி ஓட்டி வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம், பார்த்த பிறகு சொல்கிறவருக்கு அந்த உரிமை உண்டு.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பழைய நோட்டு ஒன்றை எடுத்து, வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னக் குரங்கு வரையுங்கள். அடுத்த தாளில் அதே குரங்கு, வால் மட்டும் இம்மி மேலே. அதற்கடுத்த தாளில் இன்னும் கொஞ்சம் மேலே. 24 தாள் வரைந்துவிட்டு, கட்டைவிரலால் நோட்டைச் சரசரவென்று விடுங்கள். வால் ஆடினால் எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். எத்தனையாவது தாளில் கை வலித்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்... கணக்கு நோட்டில் வரைந்து, கணக்கு ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டால், எங்கள் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்!